கைகளை எண்ணியவள்

அம்மாவின் வேலை நின்றுகொண்டு ஒரே பக்கம் பார்த்திருப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊர் ரயில்பாதை ஏரிக்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கோடையில் இரண்டு மழை பெய்தால் போதும், சரிவில் புல் ஆளுயரம் வளர்ந்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். அதை வெட்டும் வேலையை ரயில் கம்பெனி ஒப்பந்தக்காரரிடம் விடும். ஒப்பந்தக்காரர் ஊருக்குள் ஆள் பிடிப்பார். ஐந்து பேர் வெட்டுவார்கள். ஒரு மேஸ்திரி இருப்பார். இன்னொருவர் எதையும் தொடாமல், ரயில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் என் அம்மா, கடோவாகி ஃபுசாயே.

அந்த வேலைக்குத் தேர்வு எழுதி அட்டை வாங்க வேண்டும். அம்மா நடுநிலைப் பள்ளியோடு படிப்பை விட்டவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் கேள்வி கேட்க, அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாள்.

"வெட்டுறவங்கள்ல ஒருத்தர் தண்ணி கேட்டா எடுத்துக் குடுக்கலாமா?"

"கூடாது."

"உன் தொப்பி காத்துல பறந்துடுச்சு. ஓடிப் போய்ப் பிடிக்கலாமா?"

"பறக்கட்டும். முப்பது வருஷமா உங்கப்பாவ விட்டுட்டு ஒரு தொப்பிய விடமாட்டனா?" என்பாள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார்.

விதிகள் கடினமானவை அல்ல. ரயில் வருவது தெரிந்ததும் அம்மா கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவாள். வெட்டுகிறவர்கள் இயந்திரச் சத்தத்துக்காகக் காதை மூடிக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டால் கேட்காது. அதனால் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னப் பெட்டி கட்டியிருக்கும், அது அதிரும். அதிர்ந்ததும் தண்டவாளத்தை விட்டு விலகி நின்று வலக்கையைத் தூக்க வேண்டும். இயந்திரத்தின் கத்தியைச் சுழலவிடும் விசை வலக்கைப் பிடியில்தான் இருக்கிறது. அந்தக் கை மேலே போனால் கத்தி நின்றுவிட்டது, ஆளும் ஒதுங்கிவிட்டார். ஐந்து பேரும் தூக்கிய பிறகு அம்மா தன் கையை உயர்த்துவாள். ஓட்டுநர் அதைப் பார்த்து ஒரு சின்ன ஹாரன் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு கை குறைந்தாலும் சிவப்புக் கொடியை ஆட்டி ரயிலை நிறுத்தியாக வேண்டும்.

'அனைவரும் ஒதுங்கியதை உறுதி செய்த பிறகே' என்றுதான் விதிப்புத்தகத்தில் இருக்கும். எப்படி உறுதி செய்வது என்று அதில் இல்லை. களத்தில் எல்லோரும் கைகளைத்தான் எண்ணினார்கள். அம்மாவும் அப்படித்தான் பழகினாள்.

ஐந்து பேரில் அம்மா அதிகம் பேசியது இரண்டு பேரைப் பற்றித்தான். நோட்சு, கட்சுபே. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள், அறுபதை நெருங்குகிறவர்கள். நோட்சு அதிகம் பேசமாட்டார். கட்சுபேக்கு வாய் ஓயாது. மதியம் பாலத்தடியில் சோற்றுருண்டையைப் பிரித்து உட்காரும்போது, எங்கள் ஊர் மரியாதைப்படி பெயரோடு 'சான்' சேர்த்து, அவர்தான் ஆரம்பிப்பார்.

"ஃபுசா-சான், உங்களப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. நின்னு வேடிக்க பாக்குறதுக்குச் சம்பளம்."

"வாங்களேன், மாத்திக்கலாம். ஒரு மணி நேரம் வாய மூடிட்டு நிக்க உங்களால முடியுதான்னு பாப்போம்."

"அந்தப் பாக்கியம் அவன் பொண்டாட்டிக்கே இன்னும் கெடைக்கல," என்பார் நோட்சு, சோற்றுருண்டையிலிருந்து தலை நிமிராமல்.

நோட்சுவுக்குப் பேரிக்காய்த் தோட்டம் இருந்தது. பேரி மரத்தைக் கம்பிப் பந்தல் போட்டுப் படரவிடுவார்கள். கிளை நறுக்குவது, பூவுக்கு மகரந்தம் தடவுவது, காய்க்குக் காகித உறை போடுவது எல்லாமே தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்ய வேண்டியவை. நாற்பது வருஷம் அப்படித் தூக்கிய கை ஒரு குளிர்காலத்தில் இறுகிக்கொண்டது. வலத் தோள் மார்புக்கு மேல் எழும்பவில்லை. டாக்டர், வயசானால் வருவதுதான், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத் தானே விடும் என்றார். தோட்டம் காத்திருக்குமா? அவர் அதை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். கை இடுப்பளவில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை என்று ஊரில் அவருக்கு மிஞ்சியது இந்தப் புல்வெட்டும் வேலைதான். இயந்திரம் தோள்வாரில் தொங்கும், கைப்பிடி இடுப்புக்கு நேராக இருக்கும். வலி தெரியாமல் நாள் முழுக்க வெட்டுவார். வெட்டின இடம் படிய வாரிய தலைபோல இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

ரயில் வரும்போதுதான் சங்கடம். வலக்கை எழும்பாது. முதல் சில வாரம் இடக்கையைத் தூக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ரயில் கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். வெள்ளைத் தலைக்கவசம், இளம் வயது, ரொம்ப மரியாதையான ஆள். ரயில் போனதும் நோட்சுவிடம் வந்தார்.

"மன்னிக்கணும். நீங்க மட்டும் எடக்கையத் தூக்கினீங்களே?"

"வலக்கை வேர்த்திருந்துச்சு, ஐயா," என்றார் நோட்சு.

"அடுத்த தடவ வலக்கையா இருந்தா நல்லது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா ஓட்டுநருக்குப் பாக்கச் சுலபமா இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்று மதியம் நோட்சு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மேஸ்திரி காகேயாமா தேநீர்க் குடுவையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "அவங்க கேக்க ஆரம்பிச்சா டாக்டர் சீட்டுல வந்து நிக்கும், நோட்சு-சான். உடம்பு தகுதியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. தோளப் பத்தி டாக்டர் என்ன எழுதுவாருன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் நிறுத்தச் சொல்லல."

"தெரியுது, மேஸ்திரி."

நோட்சு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கட்சுபே எழுந்து நின்று, மிரட்டிப் பணம் கேட்கிறவனிடம் மாட்டிக்கொண்டவர்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினாராம்.

"எனக்குத்தான் ரெண்டு இருக்கே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவனுக்கு. நான் இவன் பக்கத்துலயே நின்னுக்கிறேன். தூரத்துல இருந்து வர்ற ஓட்டுநருக்கு எது யாரு கைன்னா தெரியப்போகுது? அஞ்சு கை இருக்கணும், அவ்வளவுதானே?"

"அப்போ உன் மெஷின யாருடா பிடிப்பா?" என்றார் நோட்சு.

"அது தோள்ல தொங்குது. உன்ன மாதிரிதான், விட்டாலும் போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். காகேயாமா சிரிக்கவில்லை; அவர் திரும்பி உட்கார்ந்து எல்லோருக்கும் பார்லித் தேநீர் ஊற்றினார். எங்கள் ஊரில் ஒரு விஷயத்துக்கு யாரும் சரி என்று சொல்வதில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லாவிட்டால் அது சரி. நோட்சு பொட்டலத்தைப் பிரித்தார். சோற்றுக்குள் இருந்த உப்புப் பிளம் காயை எடுத்துக் கட்சுபேயின் டப்பாவில் வைத்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் அம்மா பிறகு அடிக்கடி பேசினாள். "சரின்னு நான் சொல்லல. ஆனா சிரிச்சேன். அங்க ரயில் பாக்குறவ நான். நான் சிரிச்சா அதுக்கு என்ன அர்த்தம்?"

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. பெட்டி அதிரும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒதுங்கி நிற்பார்கள், கட்சுபேயின் இரண்டு கைகளும் மேலே போகும். மூன்று தனிக் கைகள், ஒரு ஜோடி. அம்மா எண்ணுவாள், தன் கையைத் தூக்குவாள், ரயில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ஆரம்பத்தில் அம்மா நோட்சுவின் முகத்தையும் தேடிப் பார்த்துக்கொண்டாளாம். அடுத்த கோடையில் பார்க்கவில்லை. அவசியம் இருக்கவில்லை. கட்சுபேக்கும் அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் போய்விட்டது. ஒருமுறை கடைத்தெருவில் அம்மா எதிர்த் திசையிலிருந்து கையசைத்தபோது அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

விபத்து நடந்தது மூதாதையர் பண்டிகை முடிந்த வாரத்தில். பண்டிகைக்காக வேலை நின்றிருந்த நாட்களில் புல்லைவிடக் கொடி அதிகமாக வளர்ந்திருந்தது. குட்சு கொடி. அதன் இலை பார்க்கச் சாதுவாக இருக்கும், தண்டு கயிறு. சரிவிலிருந்து இறங்கி, ஜல்லியைத் தாண்டி, ஸ்லீப்பர் கட்டை வரைக்கும் வந்துவிட்டது. அது கத்தியில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும்.

அன்று காகேயாமா கட்சுபேயை வளைவுக்கு அந்தப் பக்கம், மதகு இருக்கும் இடத்துக்கு நகரச் சொன்னார். அங்கே கொடி இன்னும் மோசமாக இருந்தது. கட்சுபே, "வாடா" என்று நோட்சுவுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். நோட்சுவும் இயந்திரத்தைத் திருப்பினார். பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று கட்சுபே நினைத்துக்கொண்டார். ஆனால் நோட்சு ஒரு இடத்தை அரைகுறையாக விட்டுவிட்டு வர மனமில்லாமல், தண்டவாளத்தின் ஓரமாக மிச்சமிருந்த கொடியை வெட்டப் போய்விட்டார். அம்மா நின்ற இடத்திலிருந்து அந்த ஓரத்தைச் சரிவுப் புல் மறைத்திருந்தது.

வேகவண்டி வருவதை அம்மா உரிய நேரத்தில் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். நோட்சுவின் இடுப்பிலும் அதிர்ந்தது, அவருக்கும் தெரிந்தது. அந்த நிமிடத்தில் கொடி இயந்திரத்தின் கத்தியிலும் தண்டிலும் சுற்றி, மறுமுனை ஸ்லீப்பருக்கு அடியில் மாட்டியிருந்தது. இயந்திரத்தை உதறிவிட்டு ஓட வேண்டியதுதான். தோள்வாரை ஒரே இழுப்பில் கழற்ற ஒரு கொக்கி இருக்கிறது, மார்புக்கு மேலே, வலக்கையால் மேல்நோக்கி இழுக்கிற மாதிரி. அந்தக் கை அங்கே எட்டவில்லை. இடக்கையால் துழாவினார். வியர்வையில் வழுக்கியது.

மதகுப் பக்கம் கட்சுபே ஒதுங்கி நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

மூன்று தனிக் கைகள், ஒரு ஜோடி. அம்மா தன் கையைத் தூக்கினாள்.

ஓட்டுநர் வளைவில் திரும்பியதும் நோட்சுவைப் பார்த்துவிட்டார். பிரேக் போட்டார், ஆனால் அந்தத் தூரம் போதவில்லை. நோட்சு சரிவுப் பக்கம் தன்னைச் சாய்த்துக்கொண்டார், உடம்பு தப்பியது. ரயில்பெட்டியின் படிக்கட்டு இயந்திரத்தின் தண்டை அடித்தது. தண்டு, வாரில் மாட்டியிருந்த வலக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

அன்று அம்மா ஓடிப் போனாளா, நின்றாளா என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை அவளே சொன்னாள். எதிர்த் திசையிலிருந்து இன்னொரு வண்டி வர வேண்டியிருந்தது. அதனால் முகத்தைத் திருப்பாமல், சிவப்புக் கொடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாளாம். முதுகுக்குப் பின்னால் கட்சுபேயின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "தொகியோ, தொகியோ" என்று நோட்சுவின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூப்பிடுகிற மாதிரி.

விசாரணைக்கு நான் துணைக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். யாரும் குரல் உயர்த்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நோட்சு-சான் ஒதுங்கினத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஆனா அஞ்சு கையையும் எண்ணினீங்க."

"எண்ணினேன்."

"நாலாவது கை யாரோடது?"

"கட்சுபே-சானோடது."

"அஞ்சாவது?"

அம்மா மடியில் வைத்திருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "அதுவும் கட்சுபே-சானோடதுதாங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் புரியாமல் பார்த்த பார்வை அது. அம்மா முதலிலிருந்து சொன்னாள். பேரிப் பந்தல், தோள், வெள்ளைத் தலைக்கவசக்காரர், பாலத்தடி, பிளம் காய் எல்லாம். அவர் பிளம் காயைத் தவிர மற்றதை எழுதிக்கொண்டார்.

அம்மாவின் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் எங்கள் ஊர் ஆட்களுக்கு வேலை இல்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். அம்மா ஏரிக்கரையில் மட்டிச் சிப்பியைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் சேர்ந்தாள். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று கூடை. குனிந்தே செய்கிற வேலை. நிமிர்ந்து எதையும் பார்க்க வேண்டாம் என்பதால் பிடித்திருக்கிறது என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் முதல் தடவை போனபோதும் நான் உடன் இருந்தேன். நோட்சு ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டையின் வலது கைப்பகுதியை மடித்து ஊசி குத்தியிருந்தது. அம்மா தரையில் நெற்றி படுகிற மாதிரிக் குனிந்தாள்.

"எழுந்திருங்க, ஃபுசா-சான். செவிலி பாத்தா நான் கடன் குடுத்துட்டு மெரட்டுறேன்னு நெனப்பா."

அம்மா எழவில்லை.

"ஒரு நல்லது நடந்திருக்கு. தோள்வலி போயிடுச்சு."

எங்களைச் சிரிக்கவைக்கத்தான் அவர் அதைச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. பிறகு அவர் வேறு குரலில் சொன்னார்: "பயந்தது நான். அந்த ஐயாகிட்ட வேர்வன்னு பொய் சொன்னது நான். நீங்க எல்லாரும் எனக்காகத்தானே பாத்தீங்க."

"அதத்தான் என்னால தாங்க முடியல, நோட்சு-சான்," என்றாள் அம்மா தரையைப் பார்த்தபடி. "கெட்டது நெனச்சுப் பண்ணியிருந்தா என்னையே திட்டிக்குவேன். எதச் சொல்லித் திட்டுறது?"

கட்சுபே வந்தாரா என்று கேட்டாள். வாசல் வரைக்கும் தினமும் வருகிறான், உள்ளே வருவதில்லை, பழம் மட்டும் செவிலியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான் என்றார். "பேரிக்காய் வேற. நான் வளக்காத பேரிக்காய்."

இலையுதிர் காலத்தில் ஒருநாள் காகேயாமா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, பயறு இனிப்பு டப்பாவைப் படியில் வைத்தார். உள்ளே வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

"புது விதி வந்திருக்கு. ஒங்ககிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு. ரயில் பாக்குறவங்க இனிமே கைய எண்ணக்கூடாது. ஆள் முகத்தப் பாத்து, பேரச் சொல்லி எண்ணணும்."

"சரி."

"அப்புறம், மெஷினக் கீழ வச்சுட்டு எந்தக் கையத் தூக்கினாலும் பரவாயில்லையாம்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கையும்?"

"ம். அந்த வெள்ளத் தொப்பிக்கார ஐயாவப் பாத்தேன். அவரே சொன்னாரு. வலக்கைன்னு வச்சது பழைய மெஷினுக்காகவாம். இப்போ அதுல பெருசா ஒண்ணும் இல்லையாம். தோள் விஷயம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எடக்கைன்னு எழுதிக் குடுத்திருப்பேன்னு சொல்லி அந்தப் பையன் அழுதான்."

"நாம கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

காகேயாமா காலணியைப் பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க போலதான் இருக்கு. நான்தான் டாக்டர் சீட்டு அது இதுன்னு மொதல்ல வாயத் தெறந்தேன்."

"யாருமே கேக்கல," என்றாள் அம்மா.

"யாரும் கேக்கல."

அவர் போன பிறகும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த இனிப்பை நாங்கள் பிரிக்கவில்லை. கல்லூரியில் படித்ததை வைத்து, நடந்ததற்கு ஒரு பெயர் கொடுக்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன். பெயர் கிடைக்கத்தான் செய்தது. அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பாலத்தடியில் அன்று நானும் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரு மனிதர் சோற்றைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய நண்பர் எழுந்து இரண்டு கைகளையும் தூக்குகிறார். வேண்டாம் என்று சொல்கிற ஆளாக நான் இருந்திருப்பேனா? படிப்பு அதற்குப் பயன்பட்டிருக்குமா? தெரியவில்லை. பயன்பட்டிருக்கும் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் தெருச் சங்கத்தின் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு வீடு தலைமை ஏற்க வேண்டும், தப்ப முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நான் தேநீர் ஊற்றினேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். நோட்சு வந்திருந்தார். கட்சுபே அவருக்குப் பக்கத்தில் இருந்தார்; நோட்சுவே போய் அவரை இழுத்து வந்தார் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்களில் கட்சுபே பாதியாகியிருந்தார். கைகளைத் தாழ்வான மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். தேநீர்க் கோப்பையை எடுக்கக்கூட வெளியே வரவில்லை.

கோயில் திருவிழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்பது கேள்வி. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னாள் அம்மா. பிறகு எழுந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். அடாச்சி-சான். மொரிவாகி-சான். ஃபுகுமா-சான்.

"பேரெல்லாம் எதுக்கு, ஃபுசா-சான்," என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர். "கைய எண்ணு, போதும். உள்ள விருந்துக்கு வச்ச மீன் ஆறுது."

முன்வரிசையில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்கும் தாமதமாக உறைத்தது, தொண்டையைச் செருமினார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த பெயரைச் சொன்னாள். நோட்சு இடக்கையைத் தூக்கியிருந்தார்.

"நோட்சு-சான்." பிறகு, "கட்சுபே-சான், நீங்க?"

"எல்லாரையும் போலத்தான்," என்றார் கட்சுபே. கைகள் வெளியே வரவில்லை.

நோட்சு தன் கையை இறக்கினார். மேஜைக்கு அடியில் துழாவி, கட்சுபேயின் மணிக்கட்டைப் பிடித்து, மேலே தூக்கினார்.

"ரெண்டு கோடை இவன் எனக்காகத் தூக்கினான்," என்றார் கூடத்தைப் பார்த்து. "இன்னைக்கு ஒரு தடவ நான் தூக்குறேன். கணக்குத் தீந்துச்சு."

அங்கங்கே சிரித்தார்கள். ரொம்ப நாளாக அடைத்திருந்தது திறந்துகொண்டது போன்ற சிரிப்பு. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். கட்சுபேயின் கை நோட்சுவின் பிடியில் தொங்கியது.

அம்மா சிரிக்கவில்லை.

"நோட்சு-சான், அந்தக் கைய விடுங்க."

நோட்சு புரியாமல் பார்த்தார்.

"விடுங்க. இன்னொருத்தர் தூக்குன கைய நான் எண்ணமாட்டேன்." குரல் மெல்லியதுதான்; பின்வரிசை வரைக்கும் கேட்டது. "கட்சுபே-சான், சம்மதம்னா நீங்களே தூக்குங்க. முடியலன்னா வாயால சொல்லுங்க. ரெண்டுல எதுவானாலும் நான் காத்திருக்கேன்."

நோட்சு விட்டார். கை மேஜைமேல் விழுந்தது. அது அங்கேயே கிடந்தது, விரல்கள் கொஞ்சம் மடங்கி. மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. தேநீர்க் குடுவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கட்சுபே வலக்கையைத் தூக்கினார். காது வரைக்கும். இடக்கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. அதுவும் எழுந்துவிடக்கூடாது என்று பிடித்ததுபோல.

"கட்சுபே-சான்," என்றாள் அம்மா. எண்ணிக்கொண்டாள். "நோட்சு-சான், உங்க கை கீழ இருக்கு."

நோட்சு தூக்கினார். அவரையும் மறுபடி பெயர் சொல்லி எண்ணினாள். திருவிழா ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

கூடத்தைப் பூட்டிவிட்டு நாங்கள் ரயில் கேட் வழியாக நடந்தோம். கேட் இறங்கியிருந்தது, நின்றோம். மாலை வண்டி ஏரிப் பக்கமிருந்து வந்து, இரண்டே பெட்டிகளுடன் கடந்து போனது. ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் ஓடியது. அவள் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

கேட் எழுந்தது. அவள் உடனே நடக்கவில்லை.

"அவ்வளவு பெரிய விஷயம் இல்ல பாரு," என்றாள். "கைய விடுங்கன்னு சொன்னேன். விட்டுட்டாங்க. யாரும் கோவிச்சுக்கல."

"ஆமாம்மா."

"பாலத்தடியிலயும் அவ்வளவுதான் சொல்லியிருக்கணும்."

எங்களுக்குப் பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அம்மா தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள்.